'நன்று' என்று எழுதிய ஆய்வாளர்

இன்னைக்கு ஒரு அரசாங்கப் படிவத்தைப் பத்திப் பேசப் போறோம். படிவம்னு சொன்னதுமே அடுத்த எபிசோடுக்குத் தாவிடாதீங்க. இந்தப் படிவத்துல குறிச்சிருக்கிற தேதி 1942 நவம்பர் 20. ஒரு நைட்கிளப்பைப் போய்ப் பார்த்துட்டு வந்த தீயணைப்புத் துறை அதிகாரி, அந்த இடத்தோட நிலைமை 'நன்று'ன்னு அதுல எழுதியிருந்தார். எட்டு நாள் கழிச்சு அதே கிளப்புல 492 பேர் இறந்துபோனாங்க.

ஊர், அமெரிக்காவோட பாஸ்டன். கிளப் பேரு கோகோனட் குரோவ், அதாவது தென்னந்தோப்பு. அந்த அதிகாரி பேரு பிராங்க் லின்னி, பாஸ்டன் தீயணைப்புத் துறையில லெப்டினன்ட்.

தீயணைப்புத் துறைன்னு சொன்னதும் நமக்கு சிவப்பு வண்டி, மணிச்சத்தம், தண்ணிக் குழாய் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். ஆனா அதே துறையில இன்னொரு வேலை இருக்கு. தீப்பிடிக்கிறதுக்கு முன்னாடியே கட்டடத்துக்குப் போய், கதவு கதவா பார்த்து, குறிப்பு எழுதுற வேலை. தீ பாதுகாப்பு ஆய்வாளர். அவர் வேலையை ஒழுங்கா செஞ்சா ஒண்ணுமே நடக்காது. ஒண்ணும் நடக்காததுக்கு யாரும் மெடல் குடுக்கறதில்ல. இந்த வேலைல புதுசா சேர்ற ஒருத்தருக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும்? இந்தக் கேள்வியோட பதில்ல பெரும் பங்கு பாஸ்டன்ல அந்த ஒரு ராத்திரி கத்துக்குடுத்த பாடம். அதனால முதல்ல அங்க போவோம்.

அந்த சனிக்கிழமை

1942 நவம்பர் 28, சனிக்கிழமை. இரண்டாம் உலகப் போர் நடந்துட்டிருக்கு, ஊர் முழுக்க விடுமுறையில வந்த ராணுவ வீரர்கள். அன்னைக்கு மத்தியானம் பாஸ்டன் காலேஜ் கால்பந்து அணி, ஹோலி கிராஸ் அணிகிட்ட 55-12ன்னு தோத்துப்போச்சு. ஜெயிச்சா கொண்டாடலாம்னு கோகோனட் குரோவ்ல போட்டிருந்த திட்டத்தை அந்த அணி கைவிட்டது. அந்தத் தோல்வி அவங்க உயிரைக் காப்பாத்துச்சுன்னு பாஸ்டன்ல இன்னைக்கும் சொல்வாங்க.

கிளப்புக்குள்ள அனுமதிச்ச எண்ணிக்கை 460ன்னு பொதுவா குறிப்பிடறாங்க. அன்னைக்கு உள்ள இருந்தது ஏறக்குறைய ஆயிரம் பேர். பேருக்கு ஏத்த மாதிரி செயற்கைத் தென்னை மரங்கள், மேல்கூரை பூரா துணி, சுவர்ல தோல் மாதிரி தெரியுற செயற்கை விரிப்பு. அடித்தளத்துல மெலடி லவுஞ்ச்னு ஒரு பார். அங்கிருந்து மேல வர வாடிக்கையாளர்களுக்குத் தெரிஞ்ச வழி, ஒடுக்கமான ஒரே ஒரு படிக்கட்டு. இன்னொரு பக்கம் பிராட்வே லவுஞ்ச்னு புதுசா ஒரு பகுதி. அது திறந்து ரெண்டு வாரம்கூட ஆகல.

ராத்திரி சுமார் பத்தேகால் மணி. மெலடி லவுஞ்ச்ல யாரோ ஒரு வாடிக்கையாளர், இருட்டு வேணும்னு மூலையில இருந்த பல்பைத் திருகி எடுத்துட்டார். அதைத் திரும்ப மாட்டச் சொல்லி 16 வயசுப் பணியாளரை அனுப்பினாங்க. இருட்டுல இடம் தெரியல, தீக்குச்சியைக் கிழிச்சுப் பார்த்து மாட்டினான். கொஞ்ச நேரத்துல கூரைத் துணியில நெருப்பு தெரிஞ்சுது. தீ அந்தக் குச்சியிலிருந்துதான் வந்ததுன்னு உறுதியா சொல்ல முடியல. தீயணைப்பு ஆணையர் வில்லியம் ரெய்லியோட அறிக்கை, தீ தொடங்கின காரணம் தெரியவில்லைன்னுதான் முடிச்சது. அந்தப் பையன் மேல குத்தம் இல்லன்னும் சொல்லிட்டாங்க.

தீயணைப்பு வண்டி ஒருவேளை லேட்டா வந்திருக்கும்னு நினைப்பீங்க. அதே நேரம் பக்கத்துத் தெருவுல ஒரு கார் தீப்பிடிச்சு, அதை அணைக்க வண்டிகள் வந்திருந்துச்சு. அந்த வேலையை முடிச்சவங்க திரும்பிப் பார்த்தா கிளப்புலிருந்து புகை. தகவல் போய், வண்டி கிளம்பி, வழி தேடி வரணும்னு எதுவுமே இல்ல. உலகத்துல எந்தத் தீயணைப்புப் படைக்கும் இதைவிடச் சீக்கிரம் வர முடியாது. அப்படி இருந்தும் 492 உயிர்.

ஏன்னா தீ கிளப் முழுக்கப் பரவ சில நிமிஷம்தான் ஆச்சு, கதவுகளோ திறக்கல. மெயின் வாசல்ல ஒரே ஒரு சுழல் கதவு. ரெண்டு பக்கத்திலிருந்தும் ஆளுங்க தள்ளினா சுழல் கதவு சுத்தாது, அப்படியே இறுகி நின்னுடும். அதுக்குப் பின்னாடி உடல்கள் குவிஞ்சு கிடந்துச்சு. பிராட்வே லவுஞ்ச் கதவு உள்பக்கமா திறக்குற கதவு. பின்னாடியிருந்து கூட்டம் தள்ளும்போது முன்னாடி நிக்கிறவரால அதை இழுத்துத் திறக்க முடியாது. இன்னும் சில வழிகளைத் திரைச்சீலை மறைச்சிருந்தது. பில்லுக்குக் காசு குடுக்காம நழுவிடுவாங்கன்னு சில கதவுகளைப் பூட்டியே வச்சிருந்தாங்க.

எனக்கு இந்தக் கதையில ஆறவே ஆறாத இடம், மெலடி லவுஞ்ச் படிக்கட்டோட உச்சியில இருந்த அவசரக் கதவு. அதுல பேனிக் பார் இருந்துச்சு. மால்லயும் தியேட்டர்லயும் பார்த்திருப்பீங்க, கதவுக்குக் குறுக்கே ஒரு கம்பி இருக்கும், உடம்பால மோதினாலே திறந்துக்கும். அந்தக் கம்பிக்கே ஒரு வரலாறு உண்டு. 1883ல இங்கிலாந்துல சண்டர்லேண்ட் நகரத்து விக்டோரியா ஹால்ல, பரிசு தர்றாங்கன்னு கேட்டுக் குழந்தைங்க படியில இறங்கி ஓடினாங்க. கீழ இருந்த கதவை ஒரு ஆள் மட்டும் நுழையுற அளவுக்குத் திறந்து தாழ் போட்டிருந்தாங்க. 183 குழந்தைங்க நெரிசல்ல இறந்தாங்க. அதுக்கப்புறம் 1892ல ராபர்ட் பிரிக்ஸ்ங்கிறவர் இந்த மாதிரித் தாழ்ப்பாளுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த அறிவெல்லாம் கடல் தாண்டி வந்து, 1942ல பாஸ்டன்ல ஒரு கதவுல மாட்டியும் இருக்கு. ஆனா அந்தக் கதவைப் பூட்டி வச்சிருந்தாங்க.

எட்டு நாள் முன்னாடி

இப்போ நவம்பர் 20க்குத் திரும்புவோம். லின்னி கிளப்புக்குப் போனார், பார்த்தார். தீப்பிடிக்கக்கூடிய அலங்காரம் இல்ல, வெளியேறும் வழிகள் போதுமான அளவு இருக்கு, தீயணைப்பான்களும் போதுமான அளவு இருக்கு. அவர் அறிக்கையோட சாரம் இதுதான். கடைசியில, நிலைமை நன்று.

அவர் சும்மா உட்கார்ந்து எழுதலங்கிறதையும் சொல்லணும். அலங்காரத்துல தீக்குச்சியைக் கொளுத்தி வச்சுப் பார்த்தேன், பத்திக்கலன்னு விசாரணையில சொன்னார். அது பொய்யா இருக்கணும்னு அவசியம் இல்ல. பிரச்சினை அந்தச் சோதனையிலயே இருக்கு. ஒரு குச்சி நெருப்பு சில நொடிதான் எரியும். அது ஒரு இலையைப் பத்தி மட்டும்தான் ஏதோ சொல்லும். கூரை முழுக்கத் துணி கட்டியிருக்கு, சூடு எப்பவும் மேலதான் போகும், துணிக்குக் கீழ சூடான வாயு சேர்ந்துகிட்டே இருக்கும்ங்கிற நிலைமையை அது சொல்லாது. அதே மாதிரி, 'போதுமான வழிகள்'ங்கிற வார்த்தை எண்ணிக்கையைத்தான் சொல்லுது. அந்தக் கதவுங்க திறக்குமா, எந்தப் பக்கம் திறக்கும், கூட்டத்துல நிக்கிற ஒருத்தருக்குக் கண்ணுல படுமான்னு எதையும் சொல்லல.

டிசம்பர் 31ஆம் தேதி பத்துப் பேர் மேல குற்றச்சாட்டு பதிவாச்சு. கிளப் முதலாளி பார்னி வெலான்ஸ்கி, கட்டடத் துறை அதிகாரிகள், ஒரு போலீஸ் கேப்டன், கூடவே லெப்டினன்ட் லின்னி. வெலான்ஸ்கி அன்னைக்கு ராத்திரி கிளப்புலயே இல்ல, உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில படுத்திருந்தார். ஆனாலும் ஆணவக்கொலை மாதிரி நோக்கத்தோட செஞ்ச கொலை இல்லாத, அலட்சியத்தால உயிர் போன குற்றத்துக்கு அவருக்கு 12 முதல் 15 வருஷம் வரை சிறை. வாடிக்கையாளரோட உயிருக்குப் பொறுப்பு இருக்கிற ஒருத்தர் அந்தப் பொறுப்பை உதறிட்டா, சம்பவ இடத்துல இல்லன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு 1944ல மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செஞ்சது. சட்டக் கல்லூரிகள்ல இன்னைக்கும் படிக்கிற வழக்கு அது. ஏறக்குறைய நாலு வருஷத்துல அவருக்கு மன்னிப்பு குடுத்து வெளிய விட்டாங்க. மன்னிப்பு குடுத்த ஆளுநர் மாரிஸ் டோபின், தீ விபத்து நடந்தப்போ பாஸ்டன் மேயரா இருந்தவர்.

லின்னி? அவரை நீதிமன்றம் விடுவிச்சிடுச்சு.

புதுசா சேர்றவர் செய்யுற வேலை

கோகோனட் குரோவ்க்குப் பிறகு அமெரிக்கா முழுக்க விதிகள் மாறுச்சு. சுழல் கதவு இருந்தா பக்கத்துலயே வெளிப்பக்கமா திறக்குற சாதாரணக் கதவு வேணும், இல்லன்னா தள்ளினதும் மடங்கிக்கிற மாதிரி இருக்கணும். வெளியேறும் வழிக்கு ஒளிரும் பலகை, கரண்ட் போனாலும் எரியுற விளக்கு, சுலபமா பத்திக்கிற அலங்காரத்துக்குத் தடை. நைட்கிளப், ரெஸ்டாரண்ட் எல்லாம் தியேட்டர் மாதிரி 'கூட்டம் கூடும் இடம்'ங்கிற கணக்குல வந்துச்சு.

விதி எழுதினா போதுமா? போய்ப் பார்க்க ஆள் வேணும். அந்த ஆளுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்னு பின்னாடி தனியா ஒரு தகுதித் தரமே எழுதினாங்க. அமெரிக்காவோட தேசியத் தீத்தடுப்புச் சங்கம், 1896ல தொடங்கினது, அது வெளியிட்ட 1031ஆம் எண் தரம். அதுல முதல் படிக்குப் பேரு 'ஃபயர் இன்ஸ்பெக்டர் ஒண்ணு'. நான் அந்தப் பட்டியலைப் பார்த்தப்போ, லின்னியோட படிவத்தைப் பக்கத்துல வச்சுகிட்டு எழுதின மாதிரியே இருந்துச்சு.

முதல் வேலை, கணக்கு. ஒரு ஹால்ல எத்தனை பேர் இருக்கலாம்? 3000 சதுர அடி ஹால்னு வச்சுக்கோங்க. மேசை நாற்காலி போட்டிருந்தா ஆளுக்கு 15 சதுர அடி, அதாவது 200 பேர். மேசையை எல்லாம் எடுத்துட்டு ஆளுங்க நெருக்கமா நின்னா ஆளுக்கு 7 சதுர அடி, 428 பேர். ஹால் அதே ஹால்தான், ஆனா மேசையை நகர்த்தினதும் கூட்டம் ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடுது. அதனால 'இந்த இடத்தை எதுக்குப் பயன்படுத்தறீங்க?'ங்கிறதுதான் ஆய்வாளர் கேக்குற முதல் கேள்வி. கூட்டம் 50ஐத் தொட்டா வெளியேற ரெண்டு வழி வேணும். 500ஐத் தாண்டினா மூணு. 1000ஐத் தாண்டினா நாலு.

அடுத்தது, அகலம். ஸ்பிரிங்க்ளர் இல்லாத கட்டடத்துல கதவு வழியா போக ஆளுக்கு 0.2 அங்குலம்னு கணக்கு. 32 அங்குலம் திறக்குற கதவுன்னா 160 பேருக்குத்தான் போதும். படிக்கட்டுல மெதுவாத்தான் போவோம், அதனால ஆளுக்கு 0.3 அங்குலம். பிளஸ் டூ கணக்குகூடத் தேவையில்ல, டேப்பும் பென்சிலும் போதும்.

அப்புறம் கை வேலை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். கதவைப் பார்த்தா போதாது, தள்ளிப் பார்க்கணும். 50 பேருக்கு மேல பயன்படுத்துற கதவு வெளிப்பக்கமா திறக்குதா? சங்கிலி, பூட்டு, கூடுதல் தாழ்ப்பாள் ஏதாவது இருக்கா? கதவைத் தாண்டி வெளியில என்ன இருக்கு, காலி பாட்டில் கூடையா, நிறுத்தி வச்ச பைக்கா? தெரு வரைக்கும் நடந்து போய்ப் பார்க்கணும். அவசர விளக்குல இருக்கிற டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கணும். கரண்ட் போனா அது 90 நிமிஷம் எரியணும். தீயணைப்பான்ல முள் பச்சையில நிக்குதா, சீல் உடையாம இருக்கா, கடைசியா சோதிச்ச தேதி என்ன, முன்னாடி அட்டைப்பெட்டி அடுக்கி மறைச்சிருக்காங்களா? ஸ்பிரிங்க்ளர் இருந்தா அதுக்குக் கீழ 18 அங்குலமாவது காலியா இருக்கா? இல்லன்னா தண்ணி பரவாது.

மூணாவது, மனுஷங்ககிட்ட பேசுறது. கதவைத் தட்டிட்டு உள்ள போறதுக்கே ஒரு முறை இருக்கு. சியாட்டில்ல ஒரு கிடங்கு உரிமையாளர் தீயணைப்புத் துறை ஆய்வாளரை உள்ள விடல. வாரன்ட் இல்லாம வர முடியாதுன்னார். அவருக்கு அபராதம் போட்டாங்க. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1967ல உரிமையாளர் ஜெயிச்சார். 'சீ எதிர் சியாட்டில்'ங்கிற தீர்ப்பு. பொதுமக்களுக்குத் திறந்திருக்காத வணிக இடத்துக்குள்ள, உரிமையாளர் சம்மதிக்கலன்னா வாரன்ட் வேணும். அதனால புதுசா சேர்றவர் தன்னோட அதிகாரம் எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு தெரிஞ்சு வச்சிருக்கணும். மிரட்டவும் கூடாது, குழையவும் கூடாது. 'சார், ஒரு காபி சாப்பிடுங்க'ன்னு சொல்ற முதலாளிகிட்ட சிரிச்ச முகமா வேண்டாம்னு சொல்லிட்டு, பூட்டியிருக்கிற அந்தக் கதவோட சாவியைக் கேக்கத் தெரியணும்.

நாலாவது, எழுதுறது. அறிக்கை தெளிவா இருக்கணும், கண்டதைச் சரியா சொல்லணும், தேவைப்பட்டா நீதிமன்றத்துல அதை வச்சுப் பேசவும் தெரியணும்னு முதல் படியிலயே எதிர்பார்க்கிறாங்க. 'நன்று'ங்கிறது கண்டது இல்ல, அது ஒரு அபிப்பிராயம். 'படிக்கட்டு உச்சியில இருக்கிற கதவைத் தள்ளினேன், திறக்கல. பூட்டியிருக்கு. மேலாளர்கிட்ட சொன்னேன். இந்தத் தேதியில மறுபடி வருவேன்.' இதுதான் கண்டது. இப்படி எழுதணும்னு ஒரு பழக்கம் இருந்தா, எழுதுறதுக்காகவாவது அந்தக் கதவைத் தள்ளித்தான் ஆகணும்.

இன்னொரு கிளப், இன்னொரு அறிக்கை

பாஸ்டன்ல பாடம் கத்தாச்சே, அப்புறம் எல்லாம் சரியாயிடுச்சான்னு கேட்டா, இல்ல. பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்ட்ல, வெஸ்ட் வார்விக்ங்கிற ஊர்ல 'தி ஸ்டேஷன்'னு ஒரு நைட்கிளப். 2003 பிப்ரவரி 20. கிரேட் ஒயிட் இசைக்குழு பாட ஆரம்பிச்சதும் மேடையில வாணவேடிக்கை வச்சாங்க. சத்தம் வெளிய போகாம இருக்க மேடையைச் சுத்தி ஒட்டியிருந்த பாலியூரிதேன் நுரை பத்திக்கிச்சு. 100 பேர் இறந்தாங்க.

அந்த கிளப்பையும் ஒரு ஆய்வாளர் முன்னாடியே வந்து பார்த்திருக்கார். மேடைப் பக்கம் ஒரு கதவு உள்பக்கமா திறக்குது, மாத்துங்கன்னு எழுதியிருக்கார். கோகோனட் குரோவ் பாடம் அவருக்குத் தெரிஞ்சிருந்தது. ஆனா அந்த நுரையைப் பத்தி அறிக்கையில ஒண்ணும் இல்ல. முந்தின விபத்து சொல்லிக்குடுத்த கதவு அவர் கண்ணுல பட்டுச்சு; பக்கத்துலயே இருந்த புது ஆபத்து படல.

இங்கதான் இந்த வேலையோட உண்மையான கஷ்டம் இருக்குன்னு நினைக்கிறேன். விதிப் புத்தகம் பழைய சாவுகளோட பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி ஒரு ஊர், ஒரு ராத்திரி இருக்கு. அதை மனப்பாடம் பண்ண வேண்டிய அவசியம்கூட இல்ல; அங்க ஆய்வாளர் சான்றிதழ் தேர்வுகள்ல புத்தகத்தைத் திறந்து வச்சு எழுத விடறாங்க, எந்தப் பக்கத்துல தேடணும்னு தெரிஞ்சா போதும். ஆனா இன்னும் எழுதப்படாத வரியை, கண்ணு முன்னாடி சுவர்ல ஒட்டியிருக்கிற ஒரு பொருளைப் பார்த்து, 'இது என்ன, இது எரியுமா?'ன்னு கேக்கறதுக்கு எந்தப் புத்தகமும் உதவாது.

லின்னியை வில்லனாக்க எனக்கு மனசு வரல. பூட்டு போட்டது அவர் இல்ல, துணி கட்டினது அவர் இல்ல, 460 பேர் இடத்துல ஆயிரம் பேரை ஏத்தினதும் அவர் இல்ல. அதே சமயம், அவர் கையெழுத்துக்கு ஒரு எடை இருந்துச்சு. சனிக்கிழமை ராத்திரி உள்ள போன யாரும் அந்தப் படிவத்தைப் படிச்சிருக்க மாட்டாங்க. ஆனா எல்லாரும் அதை நம்பித்தான் உள்ள போனாங்க. யாரோ வந்து பார்த்திருப்பாங்கன்னு. நாமளும் அப்படித்தான் தியேட்டருக்கும் மாலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் போறோம்.

அதனால ஒரு சின்ன வேலை. அடுத்த தடவை அப்படி ஒரு இடத்துக்குப் போனா, உட்காரறதுக்கு முன்னாடி நீங்க வந்த வழியைத் தவிர இன்னொரு வழி எங்க இருக்குன்னு பாருங்க. ஆபத்து வந்தா பெரும்பாலானவங்க வந்த வழியிலயேதான் திரும்பி ஓடுவாங்க, கோகோனட் குரோவ்ல சுழல் கதவுகிட்ட நடந்தது அதுதான். அந்த இன்னொரு கதவுக்குப் பூட்டு போட்டிருந்தா, மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. ஒரு மாதிரி பார்ப்பாங்க. பார்த்தா பார்க்கட்டும், நீங்க சாவியைக் கேளுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.